சிலிகான் மேல் பாலிமர் பூச்சு: பூசுவதிலிருந்து நிற்க வைப்பது வரை

கோரிமேட்டில் ஜிப்மர் பக்கத்து மருந்துக்கடைகளில் சிறுநீர்க் குழாய் கேட்டால், "லேட்டக்ஸா, சிலிகானா?" என்று திருப்பிக் கேட்பார்கள். சில நாளைக்கு மட்டும் என்றால் லேட்டக்ஸ் போதும். வாரக்கணக்கில் உள்ளே இருக்க வேண்டியது என்றால் சிலிகான். விலை கூடுதல்தான், ஆனால் உடம்போடு வம்புக்குப் போகாத பொருள் என்று அதற்கு நல்ல பெயர். மூளையில் தேங்கும் நீரை வடிக்கும் ஷன்ட் குழாய்களுக்கு 1950களிலேயே சிலிகான் வந்துவிட்டது.

உடம்பு பதிலுக்கு அவ்வளவு மரியாதை காட்டுவதில்லை. குழாய் உள்ளே போன சில நொடிகளில் புரதங்கள் வந்து அப்பிக்கொள்கின்றன. அந்தப் புரதப் படலத்தின் மேல் பாக்டீரியா குடியேறுகிறது. புரோட்டியஸ் மிராபிலிஸ் என்ற கிருமி வந்துவிட்டால் இன்னும் தொல்லை: அது யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்கும், சிறுநீரின் பி.எச். ஏறும், மக்னீசியமும் கால்சியமும் பாஸ்ஃபேட் உப்புகளாகப் படிந்து குழாயை அடைத்துவிடும். இதைத் தடுக்கத்தான் சிலிகானின் மேற்பரப்பை மட்டும் மாற்றி, உள்ளே இருக்கும் மென்மையையும் நெகிழ்வையும் அப்படியே விட்டுவைக்கும் வேலை நடக்கிறது.

புதுச்சேரி, கடலூர், சிதம்பரம் பக்கத்தில் சாதாரண வசதியுள்ள ஆய்வகத்தில் இந்த வேலையைத் தொடங்கும் முதுகலை, ஆராய்ச்சி மாணவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பூச்சைப் போடுவது ஒரு பிற்பகல் வேலை. அது முப்பதாவது நாளும் அங்கேயே இருக்கிறதா என்பதுதான் ஆராய்ச்சி. இங்கே சொல்வதெல்லாம் அதைச் சுற்றித்தான். இன்னொன்று: இப்படிச் செய்த எதையும் மனித உடம்பில் வைக்கக்கூடாது. அதற்கான பாதை வேறு, கடைசியில் வரும்.

ஒட்ட வேண்டுமா, ஒட்டக்கூடாதா?

ரசாயனம் வாங்கும் முன் இதை முடிவு செய்யுங்கள். சிறுநீர்க் குழாய், ரத்தக் குழாய் வழி செல்லும் கதீட்டர் இவற்றில் எதுவும் ஒட்டக்கூடாது. தோலோடு அல்லது திசுவோடு இணைய வேண்டிய உறுப்பு என்றால் செல்கள் ஒட்டி வளர வேண்டும். இரண்டுக்கும் பூச்சு வேறு.

"நீர்விரும்பும் பரப்பு ஆக்கிவிட்டேன், உடம்புக்கு ஏற்றதாகிவிட்டது" என்று பல ஆய்வறிக்கைகளில் எழுதுகிறார்கள். அப்படி நேராக வராது. மிக நன்றாக நனையும் பி.இ.ஜி. (பாலிஎத்திலீன் கிளைக்கால்) பரப்பில் செல் ஒட்டாது. தண்ணீரே தங்காத வெறும் சிலிகானிலும் சரியாக ஒட்டாது. பெரும்பாலான செல்களுக்கு இடைப்பட்ட நனைதல், அதாவது ஏறத்தாழ 40 முதல் 70 டிகிரி தொடுகோணம் உள்ள பரப்புதான் பிடிக்கிறது. நீர்ச்சொட்டின் ஓரம் பரப்போடு போடும் கோணம்தான் தொடுகோணம், அது குறையக் குறைய பரப்பு நன்றாக நனைகிறது என்று பொருள். ஒட்டாத பரப்பு வேண்டுமென்றால் பி.இ.ஜி., சல்ஃபோபீட்டெய்ன் அல்லது ஃபாஸ்ஃபோரில்கோலின் கொண்ட பாலிமர்கள். ஒட்டும் பரப்பு வேண்டுமென்றால் பாலிடோபமைன், அதன் மேல் ஜெலட்டின் அல்லது கொலாஜன்.

சிலிகான் ஏன் எதையும் ஏற்பதில்லை

ஆய்வகத்தில் நாம் கையாளும் சிலிகான் பெரும்பாலும் பாலிடைமெத்தில்சிலாக்சேன், சுருக்கமாக பி.டி.எம்.எஸ். சிலிக்கனும் ஆக்சிஜனும் மாறி மாறி வரும் சங்கிலி, ஒவ்வொரு சிலிக்கனிலும் இரண்டு மெத்தில் தொகுதிகள். வெளியே தெரிவதெல்லாம் மெத்தில்தான் என்பதால் மேற்பரப்பு ஆற்றல் மீட்டருக்கு 20 முதல் 22 மில்லிநியூட்டன் அளவிலேயே நிற்கிறது. தண்ணீர்ச் சொட்டு வைத்தால் 105 முதல் 110 டிகிரி தொடுகோணத்தில் உருண்டு நிற்கும்.

அதைவிடப் பெரிய சிக்கல் அந்தச் சங்கிலிகளின் அசைவு. பி.டி.எம்.எஸ். இறுகிக் கண்ணாடித்தன்மை அடைவது சுமார் மைனஸ் 125 டிகிரி செல்சியஸில். நம் ஊர் வெயிலில் அந்தச் சங்கிலிகள் எந்நேரமும் நெளிந்துகொண்டே இருக்கும். கெட்டிப்படாமல் மிஞ்சிய சிறு மூலக்கூறுகளும் உள்ளே சில சதவீதம் இருக்கும், அவை மெதுவாக மேலே ஊர்ந்து வரும். மேற்பரப்பை பிளாஸ்மாவால், அதாவது மின்னூட்டமேறிய வாயுவால், நீர்விரும்பியாக மாற்றினாலும், கையால் விலக்கிய குளத்துப் பாசி மறுபடி கூடுவதுபோல் மெத்தில் தொகுதிகள் மேலே வந்து மூடிக்கொள்ளும். காலையில் 10 டிகிரிக்குக் கீழே இருந்த தொடுகோணம் சில மணி நேரத்திலேயே ஏறத் தொடங்கி, சில நாட்களில் பழைய நிலைக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். சூட்டில் இன்னும் வேகம். மே மாதம் மூடிய காரில் மாதிரிகளை வைத்து எடுத்துப் போனால், போய்ச் சேரும்போது வேறு பரப்பாக இருக்கும்.

ஆகவே பூச்சு நிலைக்க வழிகள் குறைவு. சிலிகானோடு வேதிப்பிணைப்பு போட்டிருக்க வேண்டும், அல்லது பூச்சின் சங்கிலிகள் சிலிகானுக்குள் புகுந்து பின்னிக்கொண்டிருக்க வேண்டும், அல்லது பூச்சே தனக்குள் இறுகிய முழுப் படலமாக இருக்க வேண்டும். மூன்றில் ஒன்றுகூட இல்லாமல் சும்மா நனைத்துக் காயவைத்த பாலிமர் முதல் கழுவலிலேயே போய்விடும்.

மாதிரி தயாரித்தல்

பயிற்சிக்கு சில்கார்ட் 184 என்ற, இரண்டு பகுதியாக வரும் சிலிகான் போதும். மூலப்பொருளும் கெட்டிப்படுத்தியும் எடையில் 10:1. நன்றாகக் கலக்கி, டெசிகேட்டரில் வெற்றிடம் கொடுத்து, குமிழி அடங்கும் வரை வைத்து, பெட்ரி தட்டில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனத்துக்கு ஊற்றி, 65 டிகிரியில் 4 மணி நேரம் ஓவனில் வையுங்கள். இது மருத்துவத் தரம் இல்லை என்பதை மட்டும் மறக்க வேண்டாம். பின்னால் விலங்குச் சோதனை வரை போகும் எண்ணம் இருந்தால், தொடக்கத்திலேயே எம்.டி.எக்ஸ். 4-4210 போன்ற மருத்துவத் தர எலாஸ்டோமருக்கு மாறுவது நல்லது. சிலிகானுக்குள் கலந்திருக்கும் நிரப்பி (ஃபில்லர்) மாறினால் மேற்பரப்பும் மாறும், எல்லா அளவீட்டையும் மறுபடி எடுக்க வேண்டி வரும்.

கையுறை விஷயம் சின்னதாகத் தெரியும். லேட்டக்ஸ் கையுறையில் உள்ள கந்தகம், சிலிகானைக் கெட்டிப்படுத்தும் பிளாட்டினம் வினையூக்கியைச் செயலிழக்க வைக்கும். தொட்ட இடம் மட்டும் பிசுபிசுப்பாக, எத்தனை மணி நேரம் ஓவனில் வைத்தாலும் கெட்டிப்படாமல் கிடக்கும். அமீன்களும் வெள்ளீயச் சேர்மங்களும் இதே வேலையைச் செய்யும். நைட்ரைல் கையுறை போடுங்கள், கலக்கும் குச்சியையும் கிண்ணத்தையும் இந்த வேலைக்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கெட்டிப்பட்ட தகட்டை ஒரு சென்டிமீட்டர் வட்டங்களாக வெட்டி எடை போடுங்கள். அப்புறம் வருவதுதான் பலர் தாண்டிப் போகும் படி: உள்ளே மிஞ்சியிருக்கும் சிறு மூலக்கூறுகளைக் கரைத்து வெளியே எடுப்பது. மூடியுள்ள கண்ணாடிப் பாட்டிலில் ஹெக்சேன் ஊற்றி வட்டங்களைப் போட்டால், நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உப்பும். ஒரு நாள் ஷேக்கரில் வையுங்கள், இடையில் ஹெக்சேனை மாற்றுங்கள். அங்கிருந்து எடுத்து நேராகக் காற்றில் உலர்த்தினால் விளிம்பு சுருண்டு கீறல் விழும். அதனால் ஹெக்சேனும் அசிட்டோனும் கலந்த கரைசல், பின் அசிட்டோன், பின் எத்தனால் என்று படிப்படியாகச் சுருக்கி, 60 டிகிரியில் இரவு முழுக்க உலர்த்துங்கள். மறுபடி எடை போட்டால் சில சதவீதம் குறைந்திருக்கும். இந்தக் குறைவைக் குறித்து வைத்தால், பின்னால் ஒரு தடவை செய்த வட்டங்கள் மட்டும் வேறு விதமாக நடந்துகொள்ளும்போது காரணம் கண்டுபிடிக்க உதவும். ஹெக்சேன் எளிதில் தீப்பற்றும், கோடையில் மளமளவென்று ஆவியாகும். ஃபியூம் ஹுட்டை விட்டு வெளியே எடுக்கவே கூடாது. ஹெக்சேனைக் கையாள வசதி இல்லையென்றால் 100 டிகிரியில் சில நாட்கள் வைத்து முதிரவைப்பதும் ஓரளவு பலன் தரும்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. கடலோர நிலத்தடி நீரில் உப்பும் கடினத்தன்மையும் பல இடங்களில் அதிகம். கால்சியம் அயனிகள் அமிலத் தொகுதியுள்ள பூச்சுகளில் போய் ஒட்டிக்கொண்டு கணக்கையே மாற்றிவிடும். கடைசிக் கழுவல் வரை அயனிகள் நீக்கிய 18.2 மெகாஓம் தண்ணீர்தான், "இது கழுவுவதற்குத்தானே" என்று குழாய்த் தண்ணீருக்குப் போகாதீர்கள்.

பிளாஸ்மா

ஆக்சிஜன் அல்லது காற்று பிளாஸ்மா, குறைந்த சக்தியில் 30 முதல் 60 நொடி. மெத்தில் தொகுதிகள் கொஞ்சம் போய் நீரை விரும்பும் சிலனால் (சிலிக்கனோடு OH) தொகுதிகள் வரும். கூடுதல் நேரம் வைத்தால் நல்லது என்று தோன்றும், ஆனால் மேலே கண்ணாடி போன்ற சிலிக்கா படலம் உருவாகி, தகட்டைச் சற்று வளைத்ததுமே நுண்ணிய விரிசல் விழும். அந்த விரிசல் வழியாகத்தான் உள்ளே இருக்கும் மூலக்கூறுகள் இன்னும் வேகமாக மேலே வரும். பிளாஸ்மா முடிந்த பத்து நிமிடத்துக்குள் அடுத்த கரைசலில் மாதிரி விழ வேண்டும். முடியாவிட்டால் தண்ணீருக்குள் போட்டு வையுங்கள், பழைய நிலைக்குத் திரும்புவது மட்டுப்படும்.

பிளாஸ்மா கருவி இல்லாத கல்லூரிகளில் கையில் பிடிக்கும் கொரோனா (மின்னிறக்க) கருவியோ யு.வி.-ஓசோன் பெட்டியோ உதவும். ஓசோனில் நொடிகள் போதாது, பல நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகலாம்.

பாலிடோபமைன் வழி

முதல் முறை செய்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். கடல் பாறையில் அலையடித்தாலும் விடாமல் ஒட்டியிருக்கும் சிப்பியின் பசைப் புரதங்களில் டோபா என்ற அமினோ அமிலம் நிறைய இருக்கிறது. அதன் ஒட்டும் பகுதியான கேட்டகாலையும் அமீன் தொகுதியையும் ஒரே சிறு மூலக்கூறில் கொண்டது டோபமைன். அமெரிக்காவின் மெசர்ஸ்மித் ஆய்வுக்குழு 2007இல் சயின்ஸ் இதழில் இதைக் காட்டியது: காரத்தன்மையுள்ள டோபமைன் கரைசலில் எதை முக்கினாலும் அதன் மேல் மெல்லிய படலம் படியும், ஒரு நாளில் 50 நானோமீட்டர் வரை. சிலிகானும் விலக்கல்ல.

50 மி.லி. அளவுக்குச் செய்வோம். 10 மில்லிமோலார் டிரிஸ் பஃபருக்கு 61 மி.கி. டிரிஸ் வேண்டும். பி.எச்.ஐ 8.5க்குக் கொண்டு வாருங்கள். இங்கே நம் ஊருக்கான எச்சரிக்கை ஒன்று உண்டு: டிரிஸ் பஃபரின் பி.எச். ஒவ்வொரு டிகிரி வெப்பத்துக்கும் ஏறத்தாழ 0.03 இறங்கும். ஏ.சி. அறையில் 24 டிகிரியில் 8.5 வைத்துவிட்டு, 33 டிகிரி உள்ள வெளி அறை ஷேக்கரில் கொண்டுபோய் வைத்தால் அது 8.25 பக்கம் வந்திருக்கும். வினை நடக்கப் போகும் வெப்பநிலையிலேயே பி.எச். பாருங்கள். பின் 100 மி.கி. டோபமைன் ஹைட்ரோகுளோரைடு, அதாவது மி.லி.க்கு 2 மி.கி. சேருங்கள். சேர்த்தபின் பி.எச். இன்னும் கொஞ்சம் இறங்கும், மறுபடி பார்த்துச் சரி செய்யுங்கள்.

வினைக்குக் காற்றிலுள்ள ஆக்சிஜன் தேவை. எனவே மூடியைத் திருகாமல், அகன்ற பீக்கரில் துளையிட்ட மூடி போட்டு ஆட்டிக்கொண்டே இருங்கள். நிறமற்ற கரைசல் முதலில் இளஞ்சிவப்பாகும், அப்புறம் பழுப்பு, நேரம் போகப் போகக் கருப்பு. கரைசலுக்குள் துகள்களும் உருவாகி அடியில் இறங்கும். மாதிரியைக் கிடையாகப் போட்டால் இந்தத் துகள் மேலே உட்கார்ந்து சொரசொரப்பாகும். பார்க்கக் கருகருவென்று நல்ல பூச்சாகத் தெரியும், விரலால் தேய்த்தால் கையோடு வந்துவிடும். மாதிரியைச் செங்குத்தாகத் தொங்கவிடுங்கள், அல்லது பூச வேண்டிய முகம் கீழே பார்க்கும்படி மிதக்கவிடுங்கள். 4 மணி நேரத்தில் ஒரு மாதிரி, 24 மணி நேரத்தில் ஒரு மாதிரி எடுத்து ஒப்பிடுங்கள். பிளாஸ்மா செய்தபின் பாலிடோபமைன் பூசுவது, வெறும் சிலிகானில் பூசுவதைவிட உறுதியாகப் பிடிக்கும்.

எடுத்த மாதிரியைத் தண்ணீரில் போட்டு 5 நிமிடம் சோனிகேட் செய்யுங்கள், அதாவது ஒலியலையால் அதிரவையுங்கள். ஒட்டாதது எல்லாம் இப்போதே போகட்டும். தொடுகோணம் 40 முதல் 60 டிகிரிக்குள் எங்காவது வரும். செல் ஒட்ட வேண்டிய வேலை என்றால் இதன் மேல் ஜெலட்டின் போட்டு நிறுத்திக்கொள்ளலாம்.

ஒட்டக்கூடாது என்றால் இன்னும் ஒரு அடுக்கு. முனையில் அமீன் அல்லது தயால் உள்ள பி.இ.ஜி., 5,000 டால்டன், பி.எச். 8 பஃபரில், 50 டிகிரியில் இரவு முழுக்க. பாலிடோபமைனில் உள்ள குவினோன்கள் அமீனையும் தயாலையும் பிடித்துக்கொள்ளும். பி.இ.ஜி. சங்கிலிகள் தண்ணீரில் விரிந்து நிற்பதால் ஒன்று ஒட்டிய இடத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று வர இடம் கொடுக்காது. உப்புச் செறிவைக் கூட்டிச் சூடாக்கினால் சங்கிலி சுருங்கும், நெருக்கமாக ஒட்டும். இந்த நெருக்கம்தான் புரதத்தைத் தள்ளி வைப்பது. பி.இ.ஜி. நாட்பட ஆக்சிஜனேற்றத்தால் சிதையும் என்பதையும் கணக்கில் வையுங்கள், மாதக்கணக்கில் உள்ளே இருக்கும் பொருளுக்கு அதை நம்ப முடியாது.

யு.வி. கிராஃப்ட் வழி

நீண்ட நாள் நிற்க வேண்டும் என்றால் என் ஓட்டு இதற்குத்தான். சிலிகானிலிருந்தே பாலிமர் முளைத்து வளரும், அதனால் ஒட்டுதல் பற்றிய கவலை குறைவு.

அசிட்டோனில் 10 சதவீத பென்சோஃபினோன் கரைசல். அதில் சிலிகானை ஒரு நிமிடம் முக்கி எடுத்து, தண்ணீரில் அலசி, நைட்ரஜன் ஊதி உலர்த்துங்கள். அசிட்டோன் சிலிகானை லேசாக மட்டும் உப்பவைக்கும், அந்த இடைவெளியில் பென்சோஃபினோன் மேல் தோலுக்குள் புகுந்துகொள்ளும். இப்போது மோனோமர் கரைசல்: தண்ணீரில் 10 சதவீத அக்ரிலிக் அமிலம், அல்லது பி.இ.ஜி. மெத்தாக்ரிலேட், அல்லது சல்ஃபோபீட்டெய்ன் மெத்தாக்ரிலேட். யு.வி. பட்டதும் பென்சோஃபினோன் மெத்தில் தொகுதியிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கும், அந்த இடத்தில் வரும் தனி எலக்ட்ரானிலிருந்து பாலிமர் சங்கிலி வளரும்.

சொல்லும்போது எளிதாக இருக்கிறது. செய்யும்போது எதுவுமே நடக்காமல் கரைசல் அப்படியே இருந்தால், பத்தில் ஒன்பது முறை ஆக்சிஜன்தான் காரணம். அது வளரும் முனையைப் பிடித்து நிறுத்திவிடும். நைட்ரஜனையோ ஆர்கனையோ அரை மணி நேரமாவது கரைசலுக்குள் குமிழியிடுங்கள், ஒளி படும்போதும் மேலே ஓடிக்கொண்டே இருக்கட்டும். இரண்டாவது காரணம், மோனோமர் பாட்டிலுக்குள்ளேயே பாலிமராகிவிடாமல் இருக்கக் கம்பெனிக்காரர்கள் போடும் தடுப்பான். திரவ மோனோமர்களை அலுமினா நிரப்பிய சிறு குழாய் வழியே வடிகட்டி எடுங்கள். ஆனால் அமிலத்தன்மையுள்ள அக்ரிலிக் அமிலத்தை அலுமினாவே பிடித்துக்கொள்ளும், அதைக் குறைந்த அழுத்தத்தில் வாலைவடித்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும். எதிர்ப்பக்கத் தொல்லையும் உண்டு: ஒளி அதிகமானால் கரைசல் முழுதும் கூழாகி, மாதிரி அதற்குள் புதைந்துவிடும். விளக்கின் சக்தி ஒவ்வொரு பெட்டியிலும் வேறு என்பதால் அடுத்தவர் எழுதிய நிமிடக் கணக்கு உங்களுக்கு உதவாது. பத்து நிமிட இடைவெளியில் மாதிரிகளை எடுத்து உங்கள் விளக்குக்கான வரைபடத்தை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். யு.வி. கண்ணாடி இல்லாமல் பெட்டியைத் திறக்காதீர்கள்.

முடிந்ததும் கழுவல், இதில்தான் பொறுமை வேண்டும். பென்சோஃபினோன் புற்றுநோய் உண்டாக்கலாம் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை சந்தேகப் பட்டியலில் வைத்திருக்கும் பொருள். உள்ளே ஊறியிருப்பது எத்தனாலில் மாற்றி மாற்றி ஒரு நாளாவது ஊறினால்தான் வெளியே வரும். கழுவிய எத்தனாலை யு.வி. நிறமாலைமானியில் 250 நானோமீட்டர் பக்கம் பார்த்து, உச்சி மறையும் வரை தொடருங்கள். செல் சோதனையில் எல்லா செல்லும் செத்துப்போனால், பூச்சைக் குறை சொல்லும் முன் இந்தக் கழுவலைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

மற்ற வழிகள், சுருக்கமாக

நேர்மின்னூட்டமும் எதிர்மின்னூட்டமும் உள்ள பாலிமர்களை அடுக்கடுக்காகப் படிய வைப்பது மலிவான வழி. பிளாஸ்மா செய்த சிலிகானை 0.1 சதவீத கைட்டோசான் கரைசலில் 10 நிமிடம், கழுவி, பின் ஹைலூரானிக் அமிலக் கரைசலில் 10 நிமிடம், மறுபடி கழுவி, இப்படி ஐந்தாறு சுற்று. கைட்டோசான் 1 சதவீத அசிட்டிக் அமிலத்தில் கரையும், பி.எச். 6.5 தாண்டினால் மின்னூட்டம் இழந்து வீழ்படியும். எனவே 5 பக்கம் வையுங்கள். கைட்டோசான் இறால் ஓட்டிலிருந்து வருவது. கடலூர் துறைமுகத்தில் ஓடு கொட்டிக் கிடக்கிறதே, நாமே எடுத்துவிடலாம் என்று மாணவர்களுக்கு ஆசை வரும். கழிவுநீர் சுத்திகரிப்புக்கு அது சரி. உயிர்ப்பொருள் வேலைக்கு மிஞ்சிய இறால் புரதமும் எண்டோடாக்சின் என்ற பாக்டீரியா நச்சும் பெரிய தலைவலி, தரச் சான்றோடு வாங்குங்கள். இந்த அடுக்குகள் உப்புச் செறிவு மாறினால் தளரும் என்பதால் கடைசியில் ஏதாவது ஒரு குறுக்குப்பிணைப்பு கொடுத்தே ஆக வேண்டும்.

பிளாஸ்மா செய்த பரப்பின் சிலனாலோடு சிலேன் சேர்மங்களைப் பிணைக்கும் முறையில் ஈரப்பதம்தான் எதிரி. ஐப்பசி, கார்த்திகை மழையில் கடலோர அறையில் சிலேன் பாட்டிலைத் திறந்து வைத்தால், அது மாதிரியை விட்டுவிட்டுத் தன்னோடு தானே இணைந்து வெள்ளைத் திட்டாகப் படியும். அந்த மாதங்களில் ஈரப்பதத்தை அடக்கும் பெட்டி இல்லாமல் சிலேன் வேலையைத் தொடாமல் இருப்பது உத்தமம். பாரிலீன் என்ற பாலிமர் நல்ல பூச்சு, ஆவியாகவே படிவதால் குழாயின் மூலைமுடுக்கெல்லாம் சீராகப் போகும். ஆனால் அதற்கான கருவி கல்லூரிகளில் அரிது, வெளியே கொடுத்துத்தான் செய்ய வேண்டும்.

பூச்சு இருக்கிறதா, நிற்கிறதா?

தொடுகோணமானி இல்லையென்றாலும் ஆரம்ப வேலைக்கு 5 மைக்ரோலிட்டர் சொட்டு, மேக்ரோ வசதியுள்ள கைபேசி, இமேஜ்ஜே மென்பொருள் போதும். கேமரா சொட்டின் அடிமட்டத்துக்கு நேராக இருக்க வேண்டும். ஒவ்வொரு மாதிரியிலும் பல இடத்தில் எடுங்கள். சராசரியைவிட அந்தச் சிதறலைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஒரு இடத்தில் 30, பக்கத்தில் 80 என்றால் பூச்சு திட்டுத்திட்டாக இருக்கிறது என்று பொருள்.

அக்ரிலிக் அமிலம் கிராஃப்ட் செய்திருந்தால் டொலூயிடின் நீலம் அருமையான சோதனை. பி.எச். 10இல் சாயக் கரைசலில் சில மணி நேரம் வைத்து, அதே பி.எச். உள்ள சாயமில்லாத தண்ணீரில் நிறம் வராத வரை கழுவுங்கள். பூச்சு உள்ள இடம் மட்டும் நீலமாக நிற்கும், விடுபட்ட ஓரம் கண்ணுக்கே தெரியும். பின் 50 சதவீத அசிட்டிக் அமிலத்தில் சாயத்தை இறக்கி 633 நானோமீட்டரில் அளந்தால் அமிலத் தொகுதிகளின் அளவு கிடைக்கும். பூசாத சிலிகானையும் கூடவே வையுங்கள். ரோடமைன் பி போன்ற சில சாயங்கள் வெறும் சிலிகானுக்குள்ளேயே ஊறிவிடும்.

எஃப்.டி.ஐ.ஆர். (அகச்சிவப்பு நிறமாலை) எடுத்துவிட்டு "பூச்சே இல்லை" என்று சோர்ந்து வருவார்கள். அதில் மேற்பரப்பைப் பார்க்கும் ஏ.டி.ஆர். முறைகூட ஏறத்தாழ ஒரு மைக்ரான் ஆழம் வரை பார்க்கிறது. 1260 செ.மீ.⁻¹இலும் 1010-1080 செ.மீ.⁻¹இலும் வரும் சிலிகானின் உச்சிகள் 30 நானோமீட்டர் பூச்சை விழுங்கிவிடும். இதற்கு, மேற்புறத்தின் 10 நானோமீட்டரை மட்டும் பார்க்கும் எக்ஸ்.பி.எஸ். (எக்ஸ்-கதிர் எலக்ட்ரான் நிறமாலை) வேண்டும். பாலிடோபமைனுக்கு 400 எலக்ட்ரான்வோல்ட் பக்கம் நைட்ரஜன் உச்சி வந்தால் போதும். வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பும்போது பிளாஸ்டிக் ஜிப் கவரில் போடாதீர்கள், சுத்தமான கண்ணாடிப் பாட்டிலில் அனுப்புங்கள். பூசாத சிலிகானோடு ஒரே பாட்டிலில் போட்டால் சிலாக்சேன் இடம் மாறிப் பூச்சின் மேல் படிந்துவிடும்.

நிற்கிறதா என்பதற்குச் சோதனை: உப்புப் பஃபரிலும் செயற்கைச் சிறுநீரிலும் 37 டிகிரியில் ஆட்டிக்கொண்டே வைத்து 1, 7, 14, 30ஆம் நாட்களில் எடுத்துத் தொடுகோணம், சாயம் இரண்டும் பாருங்கள். இன்னொரு தொகுதியைக் காற்றில் அறை வெப்பத்தில் வையுங்கள், நீர்வெறுப்பு திரும்புவது காற்றில்தான் தெளிவாகத் தெரியும். தகட்டை இழுத்து விடுவது, வளைப்பது, டேப் ஒட்டிப் பிய்ப்பது மூன்றும் தேவை. சிலிகான் இழுபடும், பூச்சு இழுபடாது. இழுத்தபின் நுண்ணோக்கியில் இணைகோடுகளாக விரிசல் தெரிந்தால் பூச்சு கனமாகிவிட்டது, நேரத்தைக் குறையுங்கள்.

உயிரியல் சோதனை

கிருமிநீக்கம் முதலில். 70 சதவீத எத்தனால் பாக்டீரியா வித்துகளை அழிக்காது, அதைக் கிருமிநீக்கம் என்று எழுதக்கூடாது. சிலிகான் 121 டிகிரி ஆட்டோகிளேவைத் தாங்கும். அதன் மேல் உள்ள பூச்சு தாங்குமா என்பது வேறு கேள்வி. எந்த முறை என்றாலும், முன்னும் பின்னும் தொடுகோணம் எடுங்கள்.

செல் நச்சுத்தன்மைக்கு ஐ.எஸ்.ஓ. 10993-5 என்ற பன்னாட்டுத் தரநிலை. அரை மில்லிமீட்டருக்கு மேல் கனமுள்ள மாதிரிக்கு ஒரு மி.லி. ஊடகத்துக்கு 3 சதுர சென்டிமீட்டர் என்ற கணக்கில் 37 டிகிரியில் 24 மணி நேரம் ஊறவைத்து, அந்தச் சாற்றை எல்929 என்ற சுண்டெலிச் செல்களுக்குக் கொடுக்க வேண்டும். உயிர்ப்பு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் நச்சு. ரத்தத்தோடு தொடர்புள்ள பொருளுக்குச் சிவப்பணுச் சிதைவு: 2 சதவீதத்துக்குள் நல்லது, 5 தாண்டினால் தோல்வி. மனித ரத்தம் எடுக்கும் முன் நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், நண்பன் கையை நீட்டினான் என்பதெல்லாம் செல்லாது.

பாக்டீரியா ஒட்டும் சோதனையைச் சத்து நிறைந்த குழம்பூடகத்தில் ஒரே நாள் செய்து முடிப்பது வழக்கம். சிறுநீர்க் குழாய்க்கு அது போதாது. செயற்கைச் சிறுநீரில், புரோட்டியஸ் வைத்து, மெதுவாக ஓடவிட்டுப் பல நாள் பாருங்கள். முதலில் ஒரு மணி நேரம் ஆல்புமின் கரைசலில் ஊறவைத்துவிட்டுச் செய்தால் இன்னும் நிஜத்துக்குப் பக்கம். வெறும் தண்ணீரில் 99 சதவீதம் தடுத்த பூச்சுகள் புரதம் படிந்ததும் சாதாரணமாகிவிடுவது அடிக்கடி நடக்கிறது.

தகட்டிலிருந்து குழாய்க்கு

தட்டையான வட்டத்தில் வெற்றி பெற்ற முறை குழாயின் உள்பக்கத்தில் அப்படியே வராது. பிளாஸ்மா குறுகிய துளைக்குள் ஆழமாகப் போகாது, யு.வி.யும் சுவரில் மங்கிவிடும். பாலிடோபமைன் கரைசலை மட்டும் பம்ப் வைத்து உள்ளே சுழற்ற முடியும். ஆனால் துகள் தேங்காமல் இருக்க அடிக்கடி புதுக் கரைசல் விட வேண்டும், உள்ளே ஆக்சிஜன் தீர்ந்துவிடாமலும் பார்க்க வேண்டும். கடைக் குழாய் வாங்கிச் சோதிப்பதாக இருந்தால் உறையில் முழுச் சிலிகான் என்று இருக்கிறதா பாருங்கள். சிலிகான் பூசிய லேட்டக்ஸும் சிலிகான் என்ற பெயரில்தான் அடுக்கில் இருக்கும். வெட்டிப் பார்த்தால் உள்ளே மஞ்சள் பழுப்பாகத் தெரியும்.

நீர் உறிஞ்சும் பூச்சுகளை உலரவிட்டால் சுருங்கி வெடிக்கும். கிருமிநீக்கிய தண்ணீரோடு உறையில் அடைத்து, உலர வைத்து மறுபடி நனைத்த மாதிரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பொருளாக வெளியே கொண்டு போக நினைத்தால் இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் மருத்துவச் சாதன விதிகள், ஏற்புடைய ஆய்வகச் சோதனைகள், விலங்குச் சோதனை நெறிமுறைகள் எல்லாம் வரும். என்னென்ன சோதனை என்பதைத் தொடர்பு நேரம் தீர்மானிக்கிறது. ஐ.எஸ்.ஓ. 10993-1 அதை 24 மணி நேரம் வரை, 30 நாள் வரை, 30 நாளுக்கு மேல் என்று பிரிக்கிறது. அதனால் ஆய்வுத் திட்டம் எழுதும் முன் ஒரு நாள் சிறுநீரியல் (யூராலஜி) பிரிவில் போய் உட்கார்ந்து, குழாயை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுகிறார்கள், எதனால் முன்கூட்டி மாற்ற நேர்கிறது என்று செவிலியரைக் கேளுங்கள். உங்கள் நிலைப்புச் சோதனை எத்தனை நாள் ஓட வேண்டும் என்ற எண் அவரிடம் இருக்கும்.